தலைவரின் இடது கால்

பதினாலு நாளைக்கு ஒரு துரும்பையும் தூக்குவதில்லை என்று முத்துலிங்கத்தார் முடிவெடுத்தபோது, யாழ்ப்பாணத்துப் பஸ் ஆனையிறவைக் கடந்து கிளிநொச்சிப் பக்கம் வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் மனைவி நேசமலர் தூங்கி வழிந்தாள். அவருடைய இடது காலில் தொடை வரைக்கும் இறுக்கமான காலுறை. பதினைந்து வருடமாகப் புடைத்துச் சுருண்டு கிடந்த நரம்பை அன்று காலைதான் லேசர் விட்டு மூடியிருந்தார்கள்.

டொக்டர் சொன்னது அவருக்கு நன்றாகவே விளங்கியிருந்தது. பதினொரு வருடமாக ஊர் விவசாயிகளின் கமக்கார அமைப்பின் தலைவராக இருப்பவருக்கு வாய்க்காலும் கதவும் புதிதா என்ன? நரம்புக்குள் இருக்கும் கதவு பழுதாகி இரத்தம் தேங்கிவிட்டது. அந்தக் கிளை வாய்க்காலை மூடியாயிற்று. இனி மற்ற வாய்க்கால்களில் இரத்தம் ஓடவேண்டும். ஆகவே படுத்துக் கிடக்கக்கூடாது, காலையும் பின்னேரமும் அரை மணித்தியாலம் நடக்கவேண்டும், பாரமான வேலை மட்டும் கூடாது. இதையெல்லாம் ஒரு தாளிலும் அச்சடித்துத் தந்தார். அந்த நேரம் பார்த்து நேசமலர் மருந்து வாங்கும் வரிசையில் நின்றது கடவுள் செயல் என்றே முத்துலிங்கத்தார் நினைத்தார். தாளை நாலாக மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்தார்.

வீட்டு வாசலில் நேசமலர் கேட்டாள். "டொக்டர் என்னப்பா சொன்னவர்?"

"பதினாலு நாளைக்குக் காலை நிலத்தில ஊண்டக் கூடாதாம். சாய்மனைக் கதிரையில நீட்டி நிமிர்ந்து இருக்கட்டாம்."

டொக்டர் சொன்னால் கேட்கத்தானே வேணும் என்று அவள் கதிரையை மாமர நிழலுக்கு இழுத்துப் போட்டாள். தோய்க்க வேண்டும் என்று சேட்டையும் கழற்றித் தரச் சொன்னாள். அவரும் கழற்றிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு ராசபோகம்தான். "இஞ்சாரும்" என்று ஒரு குரல் கொடுத்தால் மணிக்கொருதரம் தேத்தண்ணி வந்தது. ஊர்ச்சனம் தோடம்பழமும் பிஸ்கட்டுமாக வந்து பார்த்தது. ஒவ்வொருவருக்கும் லேசரின் வலியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிச் சொன்னார். ஐந்தாம் நாள் வந்தவர்களுக்குச் சொன்ன கதையில் அவர் இரண்டுதரம் மயங்கி விழுந்திருந்தார். கால்தான் கொஞ்சம் கனத்தது. அதை அவர் பெரிதுபடுத்தவில்லை.

ஒன்பதாம் நாள், அமைப்பின் செயலாளர் தயாளினி தோடம்பழத்தோடு ஒரு செய்தியும் கொண்டுவந்தாள். நாளைக்குப் பொதுக்கூட்டம். புது நிர்வாகத் தெரிவு.

முத்துலிங்கத்தாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. லேசர் நினைப்பில் திகதியை மறந்தே போயிருந்தார். கலியாண வீடுகளில் முன்வரிசைக் கதிரை, எதிரே வருகிறவர்கள் சைக்கிளை விட்டு இறங்கும் மரியாதை எல்லாம் அந்தப் பதவியால் வந்தவை. உயிரை விட்டாலும் அதை விட அவருக்கு மனமில்லை.

"இஞ்சாரும், கால் இப்ப சுகம்போலத்தான் கிடக்கு. நாளைக்கு மெல்ல மெல்ல நடந்து…"

"இன்னும் அஞ்சு நாள் கிடக்கப்பா. உங்கட காலை விட எனக்குக் கூட்டம் பெரிசோ?"

உண்மையைச் சொன்னால் ஒன்பது நாள் தேத்தண்ணிக்கும் பதில் சொல்லவேண்டும். கடைசியில் ஒரு கடிதம் எழுதினார். தாங்க முடியாத கால் வேதனையால் வர இயலவில்லை, தலைவர் பதவிக்கு வழமைபோல் என்னையே யோசித்துக்கொள்ளவும். மறுநாள் அதை நேசமலரே கூட்டத்துக்குக் கொண்டுபோனாள்.

மத்தியானம் அவள் திரும்பி வந்தபோது கையில் அமைப்பின் பைலும் இறப்பர் முத்திரையும் இருந்தன.

"உங்கட கடிதத்தை வாசிச்சினம். சனம் கண்கலங்கிப் போச்சு. இவ்வளவு வருத்தத்தோட கிடக்கிற மனுசனை இனியும் அலைக்கழிக்கக் கூடாதெண்டு…"

"எண்டு?"

"என்னைத் தலைவராக்கிப் போட்டினம்."

முத்துலிங்கத்தார் துள்ளி எழும்பினார். இரண்டு காலையும் நிலத்தில் நன்றாக ஊன்றி நின்றார். நேசமலர் அதைப் பார்த்து ஆச்சரியப்படவே இல்லை. பைலுக்குள்ளிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"சேட்டுப் பைக்குள்ள கிடந்தது. முதல் நாளே வாசிச்சிட்டன். நாளைக்கு வாய்க்கால் துப்பரவு. இஞ்சயிருந்து நடந்தால் சரியா அரை மணித்தியாலம்."

"என்னை மண்வெட்டி பிடிக்கச் சொல்லுறீரோ?"

"பாரமான வேலை கூடாதெண்டும் எழுதிக் கிடக்குத்தானே. தேத்தண்ணிக் கேத்தில் பாரமில்லை. அறுபது பேர் வருவினம். ஆளாளுக்கு நடந்து நடந்து ஊத்திக் குடுங்கோ. மணிக்கொருதரம்."