பிட்டர் தூங்கினால் மிஷின் சரி

விழித்துக்கொண்டே வேலையைக் கெடுத்தவர்களை ஆயிரம் பேர் பார்த்திருக்கிறேன். தூங்கியே வேலை பார்த்தவர், எனக்குத் தெரிந்து, இந்தப் பூமியில் ஒருவர்தான். அவருடைய சொந்தப் பெயர் உத்தமபாளையத்தில் யாருக்கும் தெரியாது. தூங்குமூஞ்சிப் பிட்டர் எங்கே என்று கேட்டால், கைக்குழந்தைகூட எங்கள் வீட்டைக் காட்டும். அவர் குடியிருந்தது வேறு தெருவில். தூங்கியதுதான் எங்கள் வீட்டில்.

காரணம், எங்கள் வீட்டில் துவைக்கிற மிஷின் இருந்தது. மலைமேல் அணை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. இஞ்சினியர் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பியபோது, தனக்கு லேஸ் பின்னிக் கொடுத்த என் அம்மாவிடம் அவர் துரைசானி அதை விட்டுவிட்டுப் போனாள். நாலு கால்மேல் ஒரு மரப்பீப்பாய். உள்ளே மரக்குச்சிகள் முளைத்த ஒரு சக்கரம். வெளியே கைப்பிடி. மூடிக்கு மேலே இரண்டு ரப்பர் உருளைகள். நடுவில் துணியைக் கொடுத்தால் பிழிந்து தள்ளிவிடும். இவ்வளவும் தானாக நடக்காது, சுற்ற ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான். தினமும் காலையில் மிஷினைச் சுற்றிவிட்டுத்தான் தாலுகா கச்சேரிக்கு நகல் எழுதப் போவேன். என் எழுத்து நடுங்குவதைப் பார்த்த ஹெட் குமாஸ்தா, நான் குடிக்கிறேன் என்று கடைசிவரை நம்பினார்.

அம்மாவுக்கு அந்த மிஷின் உயிர். வேதக்கோயில் பீடத்துணிகளைத் துவைப்பது பல வருஷமாக அவள் பொறுப்பு. துணிப்பெட்டிச் சாவி அவள் முந்தானையில்தான் கிடக்கும். ஒரு மழைக்காலத்தில் துவைக்கிற கல்லில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு உடைந்தது. எலும்பு கூடியது, பிழிகிற பலம் மட்டும் கூடவில்லை. அடுத்தவர் பிழிந்த துணியைப் பீடத்தில் விரிப்பதா என்று அவளுக்கு வீம்பு. உபதேசியார் வீட்டம்மாவோ, “சாவி எப்ப கைக்கு வரும்” என்று காத்திருந்தாள். அந்தச் சமயத்தில்தான் மிஷின் வந்து அம்மாவின் மானத்தைக் காப்பாற்றியது.

மிஷின் வந்த நாலாம் நாள் பிட்டர் வந்தார். நான் சுற்றிக்கொண்டிருந்தேன். அழுக்குச் சட்டையோடு ஒரு ஆள் வாசலில் நின்றார், காதைச் சாய்த்தார், உள்ளே வந்தார், சுவரோரம் உட்கார்ந்தார், தூங்கிவிட்டார். யார் எவர் என்று கேட்கக்கூட இடம் கொடுக்கவில்லை.

அம்மா விளக்குமாற்றோடு வந்தாள். நான் பயந்து கைப்பிடியை விட்டேன். மிஷின் நின்றதும் அவர் விழித்துக்கொண்டார்.

“ஏன்யா, இது என்ன சத்திரமா?”

“கோவிச்சுக்காதீக அக்கா. மலையில தண்ணி இறைக்கிற இஞ்சின்கிட்ட எட்டு வருசம் பழுது பாக்குற பிட்டரா இருந்தேன். அந்தச் சத்தத்துலயே தூங்கிப் பழகிட்டேன். தூங்குறேன்னு சொல்லித்தான் வேலையவிட்டு அனுப்பிட்டாக. இங்கன வந்தப்புறம் எங்கிட்டும் தூக்கம் வரல. இப்பத்தான் வந்துச்சு.” பிறகு கொட்டாவி விட்டபடியே சொன்னார்: “பல்சக்கரத்துல ஒரு பல்லு காஞ்சு கெடக்கு. ரெண்டு சொட்டு எண்ணெய் விடுங்க.”

விட்டோம். மிஷின் வெண்ணெயாய் ஓடியது. அவரும் மறுபடி தூங்கினார்.

அதுதான் அவர் வைத்தியம். ஓட்டம் சரியாயிருந்தால் தூக்கம் வரும். எங்கேயாவது கோளாறு என்றால் கண் திறந்துவிடும். ஒருநாள் படக்கென்று எழுந்து, “நீர்க்கடுப்பு” என்றார். தண்ணீர் இறங்கும் துளையில் பூந்திக்கொட்டை விதை ஒன்று அடைத்திருந்தது. இன்னொரு நாள், “உருளைய வேலை முடிஞ்சதும் தளத்தி விடச் சொன்னேன்ல? ரெண்டும் ராத்திரிப்பூரா கட்டிப் பிடிச்சுக்கிட்டு கெடந்தா மேலு வலிக்காதா?” என்று என்னைத் திட்டினார். சின்னமனூரில் எண்ணெய்ச் செக்கு வைத்திருந்த ஒருவர், கோளாறு பார்க்கச் சொல்லி வண்டி கட்டி அழைத்துப் போனார். இவர் போன வேகத்தில் செக்கடியில் குறட்டை விட்டார். செக்குக்காரர் துரத்திவிட்டார். “நல்லாத்தான் ஓடுதுன்னு வேற எப்படிச் சொல்றது மருமகனே?” என்று பிட்டர் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

அவர் தூங்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டும். தண்ணீர் சளக் சளக் என்று புரளும். நுரை வாசம், முற்றத்து வெயில், மேல்காற்று. அவர் எங்கோ மிதந்து போவதுபோல் இருக்கும். சுற்றுகிற எனக்கே கண் சொக்கும். இரண்டு தடவை தலை கைப்பிடியில் முட்டியிருக்கிறது. “ஏலே, ஒரு வீட்டுக்கு ஒரு தூங்குமூஞ்சி போதும்!” என்று அம்மா கத்துவாள். பிட்டரை அவளுக்குக் கண்டால் ஆகாது. ஆனால் அவருக்கென்று ஒரு லோட்டா நீராகாரம் தினம் சுவரோரம் இருக்கும்.

அந்த வருஷம் குருத்து ஞாயிறன்று அம்மா ஒரு முடிவுக்கு வந்தாள். வீட்டில் எல்லோரும் தவக்காலத்து நோன்பாக ஒருசந்தி இருக்கும்போது மிஷின் மட்டும் வயிறு நிறையத் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பது நியாயமில்லை. பெரிய சனிக்கிழமை வரை அதற்கும் ஒருசந்தி. தண்ணீரைத் திறந்துவிட்டு, துடைத்து, முற்றத்து வெயிலில் நிறுத்திவிட்டாள்.

பிட்டர் பதறிப்போனார். “அக்கா, மரம் எப்பவும் தண்ணி குடிச்சுக்கிட்டே இருக்கணும். காயவிட்டா வாயப் பொளந்துரும்!”

“நான் நாப்பது நாளா காயுறேன். எனக்கு வாய் பொளந்துச்சா?”

பொளந்துதான் இருந்தது, எங்களைத் திட்டுவதற்கு. அதை யார் அவளிடம் சொல்வது?

சனிக்கிழமை விடிந்தது. பெரிய பண்டிகைக்கு மட்டும் விரிக்கிற நீளப் பீடத்துணி, பெட்டியில் கிடந்து பழுத்துப் போயிருந்தது. மறுநாள் காலைப் பூசைக்கு அது வெள்ளையாக வேண்டும். நான் பீப்பாயில் நாலு குடம் ஊற்றினேன். பலகைக்குப் பலகை இடைவெளி விட்டு, நாலு குடமும் முற்றத்துக்கு வந்துவிட்டது. அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து உபதேசியார் வீட்டம்மா வந்தாள்.

“மதினி, சாவியக் குடுத்துருங்க. முடியாதத ஏன் இழுத்துப் போட்டுச் செய்றீக?”

அம்மாவின் கை முந்தானை முடிச்சுக்குப் போனது. அவள் கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

“சாயங்காலம் வரைக்கும் பொறுங்க” என்று வாசலில் ஒரு குரல். பிட்டர்தான். கண் இரண்டும் மிளகாய்ப் பழமாய்ச் சிவந்திருந்தன.

நானும் அவருமாகப் பீப்பாயைத் தோட்டத்துக் கிணற்றுக்குத் தூக்கிப் போனோம். படியில் இறங்கி, கழுத்தளவுத் தண்ணீரில் பீப்பாயை அமுக்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். உச்சி சாயும்வரை அசையவில்லை. தண்ணீருக்கு மேலே தலை மட்டும், பக்கத்தில் இரண்டு தவளைகள். அம்மா கஞ்சி கொண்டுவந்து கிணற்றுப் படியில் வைத்தாள்.

“என்ன பிட்டரே, கண்ணு நெருப்பா இருக்கு?”

“தூங்கி ஆறு நாளாச்சு அக்கா.”

“ஏன், என்ன கவலை?”

“கவலை ஒண்ணுமில்ல. மிஷின் ஓடலேல.”

அம்மா கஞ்சியில் இன்னும் ஒரு கரண்டி ஊற்றினாள்.

மரம் ஊறிப் பலகைகள் கூடிவிட்டன. பீப்பாயைத் தூக்கி வந்து கால்மேல் ஏற்றி, தண்ணீர் ஊற்றினோம். ஒரு சொட்டு ஒழுகவில்லை. நான் சுற்றினேன். பிட்டர் சுவரோரம் சாய்ந்தார். மூன்று பேரும், திரும்பி வந்திருந்த உபதேசியார் வீட்டம்மா உட்பட, அவர் இமையையே பார்த்துக்கொண்டிருந்தோம். மூடவில்லை.

“துணியப் போடாதீக. டக்கு டக்குங்குது.”

மூடியைத் திறந்து உள்ளே கைவிட்டார். சக்கரத்தின் தண்டுக்கும் மூடிக்கும் நடுவில் சொருகியிருந்த குருத்தோலைச் சிலுவை ஒன்றை எடுத்தார்.

“கெட்டது எதுவும் அண்டாம இருக்கட்டும்னு நாந்தான் வச்சேன்” என்றாள் அம்மா, குரல் இறங்கி.

அவர் அதைக் கண்ணில் ஒற்றி, பீப்பாயின் வெளிப்பக்க இரும்புப் பட்டையில் சொருகினார். “சாமி வெளியவே இருந்து பாக்கட்டும் அக்கா. உள்ள இருந்தா அவுகளுக்கும் தலை சுத்தும்.”

மறுபடி சுற்றினேன். பத்துச் சுற்று இருக்காது, முதல் குறட்டை வந்தது. அம்மா அதன்பிறகுதான் துணியை உள்ளே விட்டாள். துவைத்து, பிழிந்து, கொடியில் போட்டோம். மேல்காற்றில் அது மல்லிகையாய் வெளுத்து ஆடியது. உபதேசியார் வீட்டம்மா ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள், “நல்லாத்தான் இருக்கு மதினி” என்றாள், சாவிப் பேச்சை எடுக்காமல் போய்விட்டாள்.

நான் அப்பாடா என்று கைப்பிடியை விடப் போனேன்.

“ஏலே, நிறுத்தாதடா!” அம்மா ஓடிவந்தாள். “பிட்டர் முழிச்சுக்கிருவாக.”

உள்ளே ஒரு கந்தல்கூட இல்லை, வெறும் தண்ணீர்தான். என் கை ஓய்ந்தபோது அம்மா என்னை நகர்த்திவிட்டு, இடது கையால் சுற்ற ஆரம்பித்தாள். அப்புறம் நான், அப்புறம் அவள். கொடியில் துணி காய்ந்து, மடித்து, பெட்டிக்குள் போய்ப் பூட்டியாகிவிட்டது. அதன்பிறகும் நாங்கள் இரண்டு பேரும் அந்த வெறும் மிஷினை மாறி மாறிச் சுற்றிக்கொண்டிருந்தோம்.