இலக்கம் கட்டின விறகு

எனக்கு வயது எழுபத்தாறு. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். விறகு விடயத்தில் எனக்கு ஒருவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்புத்தான் என்னைக் கெடுத்தது.

பேத்தி யாழினி ஜேர்மனியில், பான் நகரத்தில் படிக்கிறாள். கற்காலத்துச் சனம் விறகு பொறுக்கிப் பொறுக்கியே காட்டை எப்படி மாற்றியது என்பதுதான் அவளின் கடைசிப் பரீட்சைக்கான ஆராய்ச்சி. (இதுக்கும் பல்கலைக்கழகமோ என்று கேட்டேன். ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை.) ஒரு சனிக்கிழமை, காட்டோரம் அவளும் கூடப் படிக்கிறவர்களும் கட்டிய கல்லடுப்பைக் காட்டக் கூட்டிப்போனாள். பிறகு பேராசிரியரம்மாவைக் கூட்டிவர எல்லோரும் பஸ் தரிப்புக்குப் போய்விட்டார்கள்.

அடுப்புக்குப் பக்கத்துக் கொட்டிலுக்குள் ஆறு கட்டு விறகு. ஒவ்வொன்றிலும் இலக்கம் எழுதின ஒரு கடதாசி அட்டை. விலையாக்கும் என்று விட்டுவிட்டேன். வாறவைக்கு ஒரு தேத்தண்ணி கொடுக்காமல் விடுவதா? கேத்திலும் தேயிலையும் என் பையில் இருந்தன. (அவை இல்லாமல் நான் ரயில் ஏறுவதில்லை.) ஆறு கட்டையும் அவிழ்த்து, நல்லாய் எரியக்கூடியதைத் தெரிந்தெடுத்துக் கல்லடுப்பை மூட்டினேன். மிச்சத்தை ஒன்றாகக் கலந்து அழகாக அடுக்கியும் வைத்தேன்.

வந்த யாழினியின் முகம் வெளுத்துவிட்டது. எந்தக் கட்டு எந்தப் பக்கத்துக் காடு என்று அந்த இலக்கம்தான் சொல்லுமாம். ஒவ்வொன்றாக எரித்துக் கரியைப் பார்க்க வைத்திருந்ததாம். இரண்டு மாத வேலை.

"அட்டை எங்க, அம்மம்மா?"

"அதுதான் பிள்ளை முதல்ல பத்தினது."

அவள் நிலத்தில் குந்தியிருந்து அழுதாள். என் பெருமையெல்லாம் கேத்தில் ஆவியோடு போய்விட்டது.

பேராசிரியரம்மா குனிந்து அடுப்பைப் பார்த்தா. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு ஏதோ சொன்னா. என்னவாம் என்று கேட்டேன்.

யாழினி மூக்கைத் துடைத்தாள். "கற்காலத்து ஆக்கள் இலக்கம் பாத்தோ எரிச்சவை எண்டு கேக்கிறா."

அந்தக் கலப்புக் கரியையே ஆராய்ந்து, எந்தக் கட்டில் எந்த மரம் எவ்வளவு என்று கொப்பியில் எழுதி வைத்த கணக்கோடு ஒப்பிடச் சொன்னாவாம். நெருப்பை அணைக்கத் தண்ணீர் ஊற்றப்போன என் கையை யாழினி பாய்ந்து பிடித்தாள்.

மூன்று மாதம் அந்தக் கரியை நுணுக்குக்காட்டியில் பார்த்தாள். ஆறு கட்டிலும் தேடித்தேடி நான் ஹாசல் என்ற கொட்டை மரத்தைத்தான் கூடுதலாக எரித்திருக்கிறேனாம். கைக்குப் பிடித்த விறகையே சனம் திரும்பத் திரும்ப எடுத்தால், காடு மெல்ல மாறுமாம். ஒரு கேத்தில் தேத்தண்ணியால் அதை நிரூபித்துக் கொடுத்திருக்கிறேன். யாழினி பரீட்சையில் சித்தியடைந்தாள்.

ஆனால் வீட்டில் இன்னும் விடவில்லை. என் ஊன்றுதடியில் ஒரு அட்டை தொங்குகிறது: 'எரிக்க வேண்டாம்.' மூத்த மகன் கிறிஸ்மஸுக்கு வைத்த நத்தார் மரத்திலும் ஒன்று கட்டினான்.

யாழினி, நான் எழுதினதை ஒருக்கா வாசிச்சுக் காட்டு, பிள்ளை. இதுவும் கடதாசிதான், என்ர கைக்கு எட்டாமல் பிடிச்சுக்கொண்டு வாசி.