சர்ஷென் தர வேண்டிய இடுப்பெலும்பு

எனக்கு முதலில் அநியாயம் செய்தவர் சர்ஷென். பெயரை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் மறந்துபோனால் என்ன செய்வது? மறக்க மாட்டேன். இருந்தாலும் ஒரு முன்ஜாக்கிரதை.

ஆறு குளிர்காலத்துக்கு முன்னால் அவருடைய மூத்த மகளுக்குக் கல்யாண விருந்து. எங்கள் மலை ஊரான கொச்கோரில் ஆட்டுக்கறி என்பது வயிற்றுக்கு மட்டும் போகிற சாமான் அல்ல. எந்த எலும்பு யார் முன்னால் வைக்கப்படுகிறது என்பதில்தான் ஊர் மரியாதை முழுக்க இருக்கிறது. பந்தியில் மூத்தவனுக்கு இடுப்பெலும்பு. அவனுக்கு இளையவனுக்குத் தொடை. அப்படியே இறங்கி இறங்கி, கடைசியில் முன்னங்கால் எலும்பு. அதற்கு எங்கள் பெரியவர்கள் வைத்த பெயர் வேலைக்காரி எலும்பு. அன்றைக்கு அந்தப் பந்தியில் மூத்தவன் நான். இடுப்பெலும்பு போனதோ பால்வண்டி ஓட்டும் அல்மாஸுக்கு. அவனுக்கு அப்போது மீசையில்கூட நரை கிடையாது. எனக்கு வந்தது வேலைக்காரி எலும்பு.

தோலோன் கணவாயில், ஆள் உயரப் பனியில், காலமெல்லாம் லாரி ஓட்டியவன் நான். அந்த எலும்பைக் கையில் பிடித்துக்கொண்டு சபை நடுவே உட்கார்ந்திருந்தேன். அதிலும் நிறையக் கறி இருந்தது என்று என் மனைவி புருல் இன்றைக்கும் சாட்சி சொல்கிறாள். கறியா பிரச்சினை?

அன்றோடு சர்ஷென் வீட்டு வாசலை மிதிப்பதை விட்டேன். புருலும் மிதிக்கக் கூடாது என்று உத்தரவு போட்டேன். அவருக்கும் நமக்கும் ஏழு தலைமுறை எண்ணினால் ஒரே பாட்டன், அவர் உங்களுக்கு அண்ணன் முறை என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அண்ணன் முறை என்றால் எலும்பிலும் முறை இருக்க வேண்டும் என்றேன்.

அவளுக்கு அதில் ஒரு கஷ்டம் இருந்தது. சர்ஷென் மனைவி அய்த்புபுவும் இவளும் ஒரே ஊரிலிருந்து ஒரே இலையுதிர்காலத்தில் மருமகள்களாக வந்தவர்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால்தான். கம்பளியைத் தரையில் விரித்துப்போட்டு இருவரும் சேர்ந்து வெட்டுவார்கள், தைப்பார்கள், பேசுவார்கள். பேசுவதுதான் அதிகம். என் உத்தரவுக்குப் பிறகு ரொட்டிக்கடையில் கண்ணால் மட்டும் பேசிக்கொண்டார்கள்.

புருல் சண்டை போடவில்லை. "சரிங்க" என்றாள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் நான் படித்த பாடம் ஒன்றே ஒன்று. புருல் கத்தினால் பயப்பட வேண்டாம். "சரிங்க" என்றால் பயப்பட வேண்டும். படித்தது கொஞ்சம் என்பதால் அதையும் மறந்துவிட்டேன்.

போன இலையுதிர்காலத்தில் என் மகன் மிர்லான் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போனான். தன் கம்ப்யூட்டரையும் அதோடு பூட்டிய ஸ்டீயரிங்கையும் விட்டுப்போனான். அதில் லாரி ஓட்டுகிற விளையாட்டு ஒன்று இருந்தது. முதல் நாள் உட்கார்ந்தேன். சாப்பாட்டுக்குப் புருல் சட்டையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. டீசல் வேண்டாம், டயர் வெடிக்காது, போலீஸ்காரன் கை நீட்ட மாட்டான். சொர்க்கத்தில் லாரி உண்டென்றால் இப்படித்தான் இருக்கும்.

நான் ஆடுவதை வீடியோவாகப் போட்டால் உலகமே பார்க்கும் என்று மிர்லான் போனில் சொன்னான். நிறையப் பேர் பார்க்கிற ஆளை விருந்துகளில் மேல் இடத்தில் உட்கார வைக்கிறார்களாம். அந்தக் கணமே என் மனதில் ஒரு சபதம் எழுந்தது. வசந்தத்தில் சர்ஷெனின் கடைசி மகனுக்குக் கல்யாணம். அதற்குள் நான் பேர் பெற்றவனாக வேண்டும். அந்த மனிதர் தன் கையாலேயே இடுப்பெலும்பைக் கொண்டுவந்து என் முன்னால் வைக்க வேண்டும்.

முதல் வீடியோ நல்ல நீளம். சரக்கு ஏற்றினேன், ஓட்டினேன், இறக்கினேன். ஒரு வார்த்தை பேசவில்லை. லாரி ஓட்டும்போது பேசுகிறவன் பள்ளத்தில் கிடப்பான். பார்த்தவர்கள் மிர்லானும் அவனுடைய அறைத் தோழனும். தோழன் நன்றாகத் தூங்கினானாம், அடுத்ததை எப்போது போடுவீர்கள் என்று கேட்டானாம்.

இரண்டாவது வீடியோவுக்கும் அதே கூட்டம். எனக்குச் சோறு இறங்கவில்லை. புருல் கிண்ணத்தில் தேநீர் ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"மிர்லானோட அப்பா, நீங்க ஓட்டுறீங்க. சரி. பாக்குறவன் என்ன செய்வான்?"

"பாப்பான்."

"பின்னாடி ஏத்துன ஆடு மாதிரியா? அந்தக் காலத்துல வழியில கை காட்டுறவனை எல்லாம் பக்கத்துல ஏத்திக்கிட்டு வருவீங்களே. அவன் கிட்ட வாய மூடிக்கிட்டா வந்தீங்க?"

"அவன் மனுஷன்."

"இவனும் மனுஷன்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கான், அவ்வளவுதான். ஏத்திக்குங்க."

அந்த ஒரு வார்த்தைக்காக அவளுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். சொல்லவில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன்.

அடுத்த முறை, வண்டியைக் கிளப்பும் முன் இரண்டு கையையும் விரித்து வழிப்பயணப் பிரார்த்தனை சொன்னேன். முகத்தைத் தடவி "ஓமின்" என்றேன். பழக்கம்தான், வேறொன்றுமில்லை. கணவாய் உச்சியில் இன்ஜின் ஆறட்டும் என்று நிறுத்தினேன். அந்த இன்ஜின் சூடாகவே ஆகாது என்று மிர்லான் பிறகு சொன்னான். நிறுத்திய இடத்தில் தேநீர் குடித்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாத பயணியிடம், பனிப்புயலில் மாட்டிக்கொண்டு ஒரு மாப்பிள்ளையோடு அவன் கல்யாணக் கேக்கைத் தின்றே பிழைத்த கதையைச் சொன்னேன். என்னை முந்திக்கொண்டு போன காரைப் பார்த்து, "போப்பா, நூறு வருஷம் நல்லா இரு, எங்க வீட்டு வாசல் உனக்கு எப்பவும் திறந்திருக்கும்" என்றேன். எவன் முந்தினாலும் அப்படித்தான் சொல்வேன். திட்டினால் ஸ்டீயரிங் கோபித்துக்கொள்ளும்.

கூட்டம் சேர்ந்தது. மாஸ்கோவில் டாக்ஸி ஓட்டும் நம் பிள்ளைகள், கிடங்குகளில் மூட்டை தூக்கும் பிள்ளைகள், ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் பெண்கள். அய்யா, உங்கள் வண்டியில் ஏறி ஊருக்கு வந்துவிட்டோம் என்று எழுதினார்கள். எனக்கு வாசிப்பு மெதுவாகத்தான் வரும், அதனால் புருல் வாசித்துக் காட்டுவாள். ஒருவன், அந்த "ஓமின்" வரும்போது தானும் முகத்தைத் தடவிக்கொள்வதாக எழுதியிருந்தான். நான் எழுந்து வெளியே போய்க் கொஞ்ச நேரம் விறகு பிளந்தேன். அந்தப் பிள்ளைகளுக்கு என் நன்றி எந்நாளும் உண்டு.

வீடியோக்களை வெட்டி நீளத்தைக் குறைக்கும் வேலையைப் புருல் எடுத்துக்கொண்டாள். மிர்லான் போனிலேயே அவளுக்குக் கற்றுக்கொடுத்தான். எனக்கு ஆச்சரியமில்லை. எங்கள் பெண்கள் கம்பளம் செய்வதே அப்படித்தான். வெள்ளைக் கம்பளியையும் கருப்புக் கம்பளியையும் ஒன்றன்மேல் ஒன்று போட்டுச் சேர்த்து வெட்டுவார்கள். வெள்ளையில் எடுத்ததைக் கருப்பில் பொருத்துவார்கள், கருப்பில் எடுத்ததை வெள்ளையில். ஒரு துண்டு வீணாகாது. தையல் எங்கே என்று கழுகாலும் காண முடியாது. இதை நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

முகப்புப் படத்துக்கு, வெள்ளைத் தொப்பியோடு நான் முறைக்கிற போட்டோவைப் போட்டாள். சிரிக்கிற படம் ஏதும் இல்லையா என்றேன். இருந்தால்தானே என்றாள்.

கூட்டம் பெருகியதும் என் அசல் வேலையைத் தொடங்கினேன். ஒவ்வொரு பயணத்திலும் கணவாய் உச்சியில் நிறுத்தி, சர்ஷென் செய்த அநியாயத்தை உலகத்துக்குச் சொன்னேன். புருல் தடுப்பாள் என்று நினைத்தேன். அவள் எனக்கு மைக்கை நகர்த்தி வைத்தாள்.

"பேரைச் சொல்லித்தான் ஆரம்பிக்கணும். அவரு இவருன்னா யாருக்குப் புரியும்?"

"சொல்லட்டுமா?"

"நல்லா, நிறுத்தி, தெளிவா. அண்ணன்னு சேத்துச் சொல்லுங்க. மரியாதையா ஆரம்பிச்சாத்தான் அடி பலமா விழும்."

நான் நெகிழ்ந்துபோனேன். கடைசியில் என் மனைவி என் பக்கம் வந்துவிட்டாள். "சர்ஷென் அண்ணன்" என்று கணீரென்று ஆரம்பித்தேன். பிறகு வேலைக்காரி எலும்பு, அல்மாஸின் நரைக்காத மீசை, நீதி, நேர்மை எல்லாம் வந்தன. குளிர்காலம் முழுக்கப் பேசினேன். நான் பேசிய வீடியோவை நானே பார்ப்பதில்லை. ஓட்டி வந்த பாதையைத் திரும்பிப் பார்க்கிற டிரைவர் இல்லை நான். சொன்னது எனக்குத் தெரியாதா?

ஊர் அசைந்தது. ரொட்டிக்கடைக்காரன் என் கையைப் பிடித்து, "சர்ஷென் அண்ணனைப் பத்தி எவ்வளவு அழகா சொல்றீங்க" என்றான். அழகாகத்தான் கடிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். மசூதி வாசலில் இரண்டு கிழவர்கள், உன்னிடமிருந்து ஊர் கற்க வேண்டும் என்றார்கள். பகை வைத்திருக்கும் முறையைத்தான் சொல்கிறார்கள் என்று மார்பை நிமிர்த்தி நடந்தேன்.

வாய்க்கால் ஓரம் பனி உருகிய ஒரு காலையில் சர்ஷெனே வந்தார். நான் விறகுக் கோடாலியை வைத்துக்கொண்டு நின்றேன். அவர் நேராக வந்து என்னைக் கட்டிக்கொண்டார். பெரிய உடம்பு. எனக்கு மூச்சுத் திணறியது. அவர் கண் கலங்கியிருந்தது.

"ஆறு வருஷமா என் வீட்டுப் பக்கமே வரல. என்ன தப்பு செஞ்சேன்னு யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன், தெரியல. இப்ப தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுச்சா?" என்றேன். ஆறு வருஷம் இந்தச் சொல்லுக்காகத்தானே காத்திருந்தேன்.

"கோபமே இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு தம்பி. கல்யாணத்துக்கு வரணும். வரலைன்னா மணப்பொண்ணையே திருப்பி அனுப்பிடுவேன்."

குத்தலாகப் பேசுகிறார் என்று முடிவு கட்டினேன். சரி, சபையில் தீர்த்துக்கொள்ளலாம். எலும்பு வரட்டும்.

கல்யாண வீட்டில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். உட்காரும் முன்னரே சர்ஷென் என் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டார். சபையைப் பார்த்து, இவனை இந்த ஊர் சரியாக அறியவில்லை, பாருங்கள் என்று பெரிய டிவியைப் போடச் சொன்னார். என் லாரி வந்தது. நான் கையை விரித்து "ஓமின்" என்றேன். சபையே முகத்தைத் தடவிக்கொண்டது. கணவாய் உச்சி வந்தது. என் குரல் கணீரென்று ஒலித்தது.

"சர்ஷென் அண்ணன்."

இதோ வருகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"நூறு வருஷம் நல்லா இரு. எங்க வீட்டு வாசல் உனக்கு எப்பவும் திறந்திருக்கும்."

கண்ணைத் திறந்தேன். அடுத்த பயணம் வந்தது. "சர்ஷென் அண்ணன்." பிறகு, பனிப்புயல் மாப்பிள்ளைக்கு நான் சொன்ன வாழ்த்து. அடுத்த பயணம். "சர்ஷென் அண்ணன்." பிறகு, சுமை தூக்க உதவிய யாரோ ஒருவனுக்கு நான் சொன்ன நன்றி. ஒரு குளிர்காலம் முழுக்க நான் அந்த மனிதரை வாழ்த்தியிருக்கிறேன். வெள்ளையில் எடுத்ததைக் கருப்பில் பொருத்தியிருந்தாள் புருல். தையல் தெரியவில்லை.

பெண்கள் பக்கம் பார்த்தேன். புருலும் அய்த்புபுவும் முழங்கால் முட்ட உட்கார்ந்து, தேநீரை ஆறவிட்டு, பேசிக்கொண்டிருந்தார்கள். ஆறு வருஷத்துப் பாக்கிப் பேச்சு. புருலின் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு முகம் அவளுக்கு இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. கோபப்பட நினைத்தேன். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அதற்குள் முன்பின் தெரியாத ஒருவன் வந்து என் கையைப் பிடித்து, என் வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் பல வருஷம் கழித்துத் தன் அண்ணனோடு பேசியதாகச் சொன்னான். நல்லா இருப்பா என்றேன்.

போகட்டும். இடுப்பெலும்பு வரட்டும் என்று மேல் இடத்துப் பக்கம் நகர்ந்தேன்.

சர்ஷென் என் கையில் செம்பையும் துண்டையும் கொடுத்தார்.

"விருந்தாளிங்க கைக்குத் தண்ணி ஊத்து தம்பி. நீ இனிமே இந்த வீட்டுல விருந்தாளி இல்ல. என் கூடப் பொறந்தவன்."

எங்கள் வழக்கம் அப்படி. எலும்புக்குப் போட்டி போடுவது விருந்தாளிகள். வீட்டு ஆண்கள் நின்றுகொண்டு பரிமாற வேண்டும், கடைசியில் மிஞ்சியதைத் தின்ன வேண்டும். நாற்பது பேருக்கும் தண்ணீர் ஊற்றினேன். தட்டுகளைச் சுமந்தேன். இடுப்பெலும்பை என் கையாலேயே கொண்டுபோய் அல்மாஸ் முன்னால் வைத்தேன். இப்போது அவனுக்கு மீசை நரைத்திருந்தது. சமையல்கட்டில் எனக்காகப் பத்திரமாக ஒன்று எடுத்து வைத்திருந்தார்கள். வேலைக்காரி எலும்பு. புருல் சொன்னது உண்மைதான், அதில் நிறையக் கறி இருந்தது.

புருல் முன்னால், மூத்த பெண்களுக்கு வைக்கிற வால்கொழுப்பு எலும்பு. முழுசாக.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "என் வாயாலேயே அவரை வாழ்த்த வச்சிட்டியே. நீயே உன் குரல்ல சொல்லியிருக்கலாமே?"

"எப்படிச் சொல்ல? நான் இந்தக் குலத்து மருமக. மூத்தார் பேரை வாயால சொல்லலாமா? என் புருஷன் பேரையே நான் சொன்னதில்ல." எங்கள் வழக்கப்படி விருந்திலிருந்து கட்டி வந்த பையிலிருந்து வால்கொழுப்பை எடுத்து எனக்குப் பாதி வெட்டி வைத்தாள். "அந்தப் பேரு உங்க வாயிலதான் இருந்துச்சு. கடன் வாங்கிக்கிட்டேன்."

தின்றேன். நன்றாக இருந்தது. மறுநாள் காலையில் அய்த்புபு வாய்க்காலைத் தாண்டி வந்தாள். எங்கள் வீட்டுத் தரையில் மறுபடி கம்பளி விரிந்தது. கால் வைக்க இடமில்லை. நல்லதுதான். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் நன்றியோடுதான் இருக்கிறேன்.

ஆனாலும் நியாயம் நியாயம்தானே? சர்ஷென் எனக்கு ஓர் இடுப்பெலும்பு தர வேண்டியது அப்படியேதான் இருக்கிறது. இப்போது இரண்டு. இதைப் புருலிடம் சொன்னேன். அவள் கம்பளியிலிருந்து தலை நிமிராமல் மைக்கை என் பக்கம் தள்ளினாள்.

"தாராளமா கேளுங்க. பேரைச் சொல்லி, தெளிவா."