மதுரையில் பாரசீக நாதம்

பாரசீகப் பாலைவனத்துக்கும் மதுரை மாநகருக்கும் சம்பந்தம் ஏற்பட்டது 1936ஆம் வருஷம் மாசி மாதத்தில், பட்டு ஜவுளி வியாபாரி ராமமூர்த்தியின் வீட்டுக் கூடத்தில். சரித்திர ஆசிரியர்கள் இதை இன்னும் எழுதாமல் இருப்பது அவர்களுடைய சோம்பேறித்தனம். நாமாவது சொல்லிவைப்போம், கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா.

ராமமூர்த்தி ஜவுளி விற்கக் கொழும்புக்குப் போனவர். திரும்பும்போது கைக்கு அடக்கமாக, நாலு தந்தி போட்ட ஒரு வாத்தியமும், குஞ்சம் வைத்த சிவப்புத் துருக்கித் தொப்பியும், ஒரு புத்தகமும் கொண்டுவந்தார். வாத்தியத்தின் பெயர் யுகுலேலே. புத்தகம், பாரசீக ஸ்கேலில், அதாவது ஸ்வர வரிசையில், 'கார்டு' கட்டுவது எப்படி என்று சொல்வது. கார்டு என்றால் பல ஸ்வரங்களை ஒரே சமயத்தில் ஒலிக்கவைப்பது. நம்மவர்கள் ஒவ்வொன்றாகப் பாடிக் காலத்தை வீணாக்கிவிட்டார்களே என்று ராமமூர்த்தி மனம் நொந்தார்.

அவர் சம்சாரம் சூடாமணி அடுப்படியில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே முதல் நாள் சாதகத்தைக் கேட்டாள். ஸ, க, ப மூன்றும் சேர்ந்து ஒரு கார்டு. விரல்களை அப்படியே ஒரு கட்டம் தள்ளினால் ரி, ம, த மூன்றும் சேர்ந்து இன்னொரு கார்டு. அரிவாள்மனையில் அவள் கை நின்றது. பாட்டு வகுப்பில் போய் உட்காருகிற எந்தக் குழந்தைக்கும் முதல் பாடமான சரளி வரிசை அல்லவா இது!

"இது நம்ம மாயாமாளவகௌளை ராகங்க," என்றாள்.

"உளறாதே. இதுல பேரீச்சம்பழ வாசனை வருதா, இல்லையா?"

சூடாமணிக்கு வாசனை வரவில்லை, வயிற்றெரிச்சல்தான் வந்தது. பெண் பார்க்க வந்த அன்று அவளைப் பாடச் சொன்னவர் இதே ராமமூர்த்திதான். ஒன்று போதாமல் இன்னொன்றும் கேட்டார். அந்த இரண்டாவது பாட்டில்தான் கல்யாணமே முடிவானது. தாலி ஏறின மறு வாரம், "குடும்பப் பொண்ணு பாடுற சத்தம் தெருவுக்குக் கேட்கலாமா?" என்று அவளுடைய ஆர்மோனியத்தைப் பரணில் ஏற்றியவரும் அவரேதான். அதற்குப் பிறகு சூடாமணி தாளிக்கும்போது மட்டும் பாடினாள், கடுகு வெடிக்கிற சத்தத்துக்குள் அடங்கும்படியாக. என்றைக்காவது ஒரு நாள் தொண்டையைத் திறந்து ஒரு பாட்டை முழுசாகப் பாடிவிட வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

'அகில மதுரை நவீன நாத அபிவிருத்திச் சங்கம்' ஞாயிற்றுக்கிழமை மாலை ராமமூர்த்தியின் கூடத்தில் கூடியது. தலைவர், மேலூரிலிருந்து வந்திருந்த ரிட்டயர்டு தாசில்தார் சிவனாண்டி. உபதலைவர், பரவையில் கமிஷன் கடை வைத்திருந்த பேயாண்டி. வரவேற்புரை, நன்றியுரை, நன்றியுரைக்கு நன்றி எல்லாம் முடிந்தபின், ராமமூர்த்தி தொப்பியைச் சரிசெய்துகொண்டு வாத்தியத்தை எடுத்தார்.

முதல் கார்டு. "ஆகா!" என்றார் தலைவர்.

இரண்டாவது கார்டு. "ஒட்டகம் நடக்குறாப்ல இருக்குண்ணே," என்றார் பேயாண்டி.

மூன்றாவது கார்டு: க, ப, நி. அங்கே ராமமூர்த்திக்கு விரல் சுளுக்கிக்கொண்டது. நி அந்தரத்தில் தொங்கியது. மேல் ஸ வரவே இல்லை.

பாட்டுத் தெரிந்தவர்களுக்கு இது மூக்கு நுனியில் நின்றுவிட்ட தும்மல். அடுப்படியில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்த சூடாமணி பொறுத்துப் பார்த்தாள். முடியவில்லை. "ஸா..." என்று எடுத்துவிட்டாள். எடுத்த குரல் அங்கேயே நிற்குமா? இறங்கி, வளைந்து, மறுபடி ஏறியது.

"யாருய்யா பாடுறது?" என்றார் சிவனாண்டி.

ராமமூர்த்திக்கு வேர்த்தது. "கிராமபோனுங்க. பாரசீகத்து அம்மா ஒருத்தி பாடின பிளேட்டு."

"அம்புட்டும் தேனுண்ணே! இன்னொரு தரம் போடுங்க," என்றார் பேயாண்டி.

ராமமூர்த்தி அடுப்படிக்கு ஓடினார். "தாயே, இன்னொரு தரம் பாடிரு."

"குடும்பப் பொண்ணு பாடலாமாங்க?"

"நீ எங்கே பாடுறே? பிளேட்டுல்ல பாடுது!"

பிளேட்டு பாடியது. கடுகுச் சத்தத்துக்குள் ஒளிந்து கிடந்ததெல்லாம் வெளியே வந்தது. தலைவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாரசீக அம்மையாரின் திருவுருவப் படத்தைச் சங்கத்தில் மாட்டுவதென்று தீர்மானம் 'ஏகமனதாக' நிறைவேறியது. ஆணிக்கு இடம் பார்க்கப் பேயாண்டி சுவரைத் தட்டத் தொடங்கினார்.

"நம்ம பொம்பளைகளுக்கு இந்தக் குரல் வருமாண்ணே? அதுக்கெல்லாம் பாலைவனத்துத் தண்ணி குடிக்கணும்."

பாட்டு நிற்கவில்லை; கிட்டே வந்தது. பாடிக்கொண்டே, காப்பி டம்ளர்களோடு, சூடாமணி கூடத்துக்குள் வந்து நின்றாள்.

"வைகைத் தண்ணிதாங்க. காப்பி எடுத்துக்கங்க," என்றாள்.

ஒருவரும் எடுக்கவில்லை.

"இது உம்ம சம்சாரமா?" என்றார் தலைவர்.

ராமமூர்த்தி தொப்பியைக் கழற்றிக்கொண்டு தலையாட்டினார்.

"இதுல என்னய்யா பாரசீகம்? வெறும் சரளி வரிசை! என் பேத்தியே இதைவிட நல்லாப் பாடுவா."

"இப்பவும் பாடுறாங்களா?" என்று கேட்டாள் சூடாமணி.

"போன தையில கட்டிக்குடுத்தாச்சு. இனி எதுக்குப் பாட்டு?" என்றவர், சொன்ன வாயோடு கொஞ்சம் நின்றார். பிறகு குடையை எடுத்துக்கொண்டார். "ஆம்பளைங்க கூடுற சபை இது. வாரும் பேயாண்டி, போவோம்."

கூடம் காலியானது. சூடாமணி டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டு, தலைவருடைய நாற்காலியில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து எடுத்து, முழுசாகப் பாடி முடித்தாள். ராமமூர்த்தி வாசற்கதவைத்தான் சாத்த முடிந்தது. ஜன்னல்கள் அவள் பக்கம் இருந்தன.

சங்கத்தாரின் சங்கீத ஞானத்தை நாம் குறை சொல்லக் கூடாது, செல்வங்களா. குரல் கடலைத் தாண்டி வந்தது என்றதும் படம் மாட்ட ஆணி தேடினார்கள். அதே குரல் அடுப்படியைத் தாண்டி வந்ததும் செருப்பைத் தேடினார்கள்.