நீலச் சட்டைக்காரன் யார்?

கொட்டிவாக்கம்

பேரன்புள்ள ஈவ்லின் அக்காவுக்கு, தம்பி மரியதாஸ் வணக்கத்துடன் எழுதுவது. மாதாவின் தயவில் நானும் சான்ட்ராவும் இங்கே சுகம். திருச்சியில் உன் மூட்டுவலியும் மாமாவின் முன்கோபமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். இந்த வீட்டில் போன் பேச முடியாது அக்கா, எந்தக் கதவுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்றே தெரிவதில்லை.

எல்லாம் அந்தத் துப்பறியும் புத்தகங்களால் வந்த வினை. சான்ட்ரா ப்ளஸ் ஒன் படிக்கிற பெண், பாடப்புத்தகத்தைத் தவிர எல்லாவற்றையும் படிக்கிறாள். அட்டையில் டார்ச்சோடு ஒரு பெண், அவளுக்குப் பின்னால் பாதி முகம் இருட்டில் ஒரு பையன். அவன் காதலனா கொலைகாரனா என்று கடைசிப் பக்கம் வரை தெரியாதாம். இதைப் பிள்ளைகளுக்கு எடுத்துக் கொடுப்பது யார் என்றால், நம் கோயில் நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் நோரா டீச்சர். சனிக்கிழமை போய்ச் சண்டை போட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டு டீ வாங்கிக் கொடுத்தார். சண்டை முடியாததால் அடுத்த சனிக்கிழமையும் போனேன், அதற்கடுத்த சனிக்கிழமையும் போனேன். அந்தச் சண்டை திருவான்மியூர் கடற்கரை வரை நடந்தே நீண்டது.

இப்படியிருக்க, சான்ட்ரா தன் தோழி மதுமதியிடம் போனில் கிசுகிசுத்தது காதில் விழுந்தது. "இன்னிக்கும் அதே நீலச் சட்டைடி. சென்ட் வேற. கண்டிப்பா லவ்தான்." தாயில்லாப் பெண், எவனோ நீலச் சட்டைக்காரனிடம் மாட்டிக்கொண்டாளே! ஞாயிறு பூசையில் கிடார் வாசிக்கிற ஸ்டீவ் நீலச் சட்டையில் வந்தான். வெளியே இழுத்துப்போய், "உண்மையைச் சொல்லு, என் பொண்ணுகிட்ட என்ன பேசுற?" என்றேன். அவன் மிரண்டுபோய், "இன்னா அங்கிள் ஆச்சு உங்களுக்கு? எனக்குப் போன மாசந்தான கல்யாணம் ஆச்சு? நீங்ககூட வந்து ரெண்டு பிளேட் பிரியாணி துன்னீங்களே!" என்றான். அதுவும் உண்மைதான்.

நோரா டீச்சர்தான் யோசனை சொன்னார். டியூஷன் என்று கிளம்புகிறவள் திருவான்மியூர் கடற்கரையில் திரிகிறாள் என்று மதுமதியின் அம்மா சொல்லியிருக்கிறார், நாமும் அங்கே மறைந்திருந்து பார்ப்போம் என்றார். போனோம். பஜ்ஜிக் கடைக்குப் பின்னால் உட்கார்ந்தோம். மறைந்திருப்பவர்கள் சும்மா உட்கார்ந்தால் சந்தேகம் வருமே என்று பஜ்ஜியும் வாங்கினோம். கொஞ்ச நேரத்தில் படகுக்குப் பின்னால் துப்பட்டாவை முகத்தில் சுற்றிய இரண்டு உருவங்கள் எங்களையே எட்டிப் பார்த்தன. ஒன்றின் செருப்பு நான் வாங்கிக் கொடுத்தது! ஓடிப்போய், "எங்கடி அவன்?" என்று கத்தினேன்.

"யாருப்பா?"

"நீலச் சட்டை!"

சான்ட்ரா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்கதாம்ப்பா."

குனிந்து பார்த்தேன் அக்கா. நீலந்தான்.

"அம்மா போனதுக்கப்புறம் நீங்க சென்ட்டே போட்டதில்ல. யாரு, என்னன்னு எங்கிட்ட சொல்லவே மாட்டீங்களா? நானே துப்பறிஞ்சு கண்டுபிடிக்கணுமா?" என்று சொல்லும்போதே அவள் குரல் உடைந்துவிட்டது. "சீ, அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, உன் புக்கைப் பத்திதான் பேசுறோம்" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்படியா? எந்தப் புக்கு? அதுல கொலைகாரன் யாரு?" என்றாள். நானும் டீச்சரும் இத்தனை சனிக்கிழமைகளில் ஒரு புத்தகத்தையாவது திறந்திருந்தால்தானே!

பெற்ற அப்பனையே பின்தொடர வைக்கிற இந்தப் புத்தகங்களைத் தடை செய்ய வேண்டும் அக்கா. யாராவது உன்னிடம் ஏதாவது சொன்னால் நம்பாதே. எனக்கும் நோராவுக்கும், மன்னிக்கவும், நோரா டீச்சருக்கும் நடுவில் எதுவும் கிடையாது. இந்த வயதில் எனக்கு அப்படியொரு எண்ணமும் கிடையாது. மாமாவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தங்கள். எங்களுக்காக ஒரு செபமாலை சொல்.

உன் பிரியமுள்ள தம்பி,
மரியதாஸ்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடாமல் பையிலேயே வைத்திருந்ததில் சில வாரங்கள் ஓடிவிட்டன. வருகிற ஞாயிறு இங்கே கோயிலில் எனக்கும் நோராவுக்கும் கல்யாணம் என்று ஓலை வாசித்து அறிவிக்கிறார்கள், நீயும் மாமாவும் அவசியம் வரவேண்டும். நான்தான் வெட்கமில்லாமல் கேட்டேன் என்று நினைத்துவிடாதே. எனக்கு அந்தத் தைரியம் ஏது? நோரா வீட்டுக்குப் போய்ப் பெண் கேட்டது சான்ட்ரா.