நாற்பத்திரண்டு சைஸ் காதலி

அன்னைக்கு எனக்கு ஒரே ஒரு வேலைதான் மக்களே. ஒரு கால் அளவ கொண்டு போய் கபீர் பாய்கிட்ட குடுக்கணும். அஞ்சு நிமிஷ வேலை.

யாரு காலுன்னு கேப்பீங்க. ஷெரின் காலு.

ஷெரின் யாருன்னு கேப்பீங்க. அன்னைக்கு சாயந்திரம் நானும் அதத்தான் கேட்டேன்.

முதல்ல என்னைப் பத்தி. பேரு ஜோயல். ஊரு ஆம்பூர். காலேஜ்ல கடைசி வருஷம். நூறு மீட்டர் ஓடுவேன். நாலு பேர் ஓடற ரிலேல கடைசி ஆளு நான்தான். எனக்கு முன்னாடி ஓடி வந்து என் கையில பேட்டன் குச்சிய குடுக்கறவன் சாதிக். ஒண்ணாம் கிளாஸ்ல இருந்து தோஸ்த்.

மறுநாள் எங்களுக்கு ஜோன் மீட், அதாவது சுத்துப்பட்டு காலேஜ்களோட போட்டி. முதல் ரெண்டு இடத்துல வந்தாத்தான் யுனிவர்சிட்டி மீட்டுக்குப் போக முடியும். ரெண்டு வருஷமா மூணாவது வந்து, சர்டிபிகேட்ட மட்டும் மடிச்சு எடுத்துட்டு வந்தோம். இதான் கடைசி சான்ஸ். இத மனசுல வெச்சுக்கோங்க.

இப்ப ஷெரின். மூணு மாசம் முன்னாடி திடீர்னு ஒரு மெசேஜ்.

"உங்க ரேஸ் பாத்தேன். கடைசி இருபது மீட்டர்ல ஏன் பயப்படறீங்க?"

இப்படி எந்தப் பொண்ணும் என்கிட்ட பேசினதில்ல. என்கிட்ட பொண்ணுங்க பேசினதெல்லாம் "கொஞ்சம் தள்ளுங்க" மட்டும்தான்.

சொந்த ஊரு திமிரியாம். வாலாஜாபேட்டையில படிக்கிறாளாம். ஹை ஜம்ப் பிளேயராம். போட்டோ கேட்டேன், உடனே அனுப்பினா. கம்பிக்கு மேல மல்லாக்கத் தாண்டற போட்டோ. முதுகு தெரிஞ்சுது. பாதம் தெரிஞ்சுது. பறக்கற பின்னல் தெரிஞ்சுது. முகம் மட்டும் வானத்தப் பாத்துட்டிருந்தது.

வீடியோ கால் பண்ணலாமான்னேன். கேமரா ரிப்பேர்னா. குரலாவது கேக்கறேன்னேன். அண்ணன் பக்கத்துலயே உக்காந்திருக்கான்னா. மூணு மாசமா அந்த அண்ணன் எழுந்திரிக்கவே இல்ல மக்களே! எனக்கு சந்தேகம் வந்துதா? இல்ல. எவ்ளோ கட்டுப்பாடான குடும்பம்னு மரியாதைதான் ஜாஸ்தியாச்சு.

தினமும் காலைல அஞ்சு மணிக்கு டாண்ணு மெசேஜ் வரும். "கண்ணு, எந்திரிச்சாச்சா? கிரவுண்டுக்குப் போ கண்ணு."

அதுக்கு முன்னாடி எங்கம்மா என்னை எழுப்ப மூஞ்சில தண்ணி தெளிச்சுப் பாத்தாங்க. ஃபேன நிறுத்திப் பாத்தாங்க. பைபிள் வசனத்த சத்தமா படிச்சுப் பாத்தாங்க. நான் அசையல. கண்ணுன்னு ஒருத்தி சொன்னதும் நாலே முக்காலுக்கே லேஸ் கட்டிட்டு உக்காந்திருந்தேன்.

அம்மா பயந்துட்டாங்க. "இன்னாடா, ஒடம்புக்கு இன்னா?"ன்னு நெத்தியத் தொட்டுப் பாத்தாங்க.

சரி, கதைக்கு வர்றேன். மீட்டுக்கு நீயும் வருவியான்னு ஷெரின கேட்டேன். கால் சுளுக்கிடுச்சு கண்ணு, வரமுடியாதுன்னா. எனக்கு மனசு கேக்கல.

வேற ஊர்ல லவ்வருக்கு பொம்மை வாங்கிக் குடுப்பாங்க. எங்க ஊர்ல ஷூ. அதுவும் கடையில வாங்கினா கௌரவம் இல்ல. கால் அளவு எடுத்து, தெரிஞ்ச பாய்கிட்ட சொல்லி, எக்ஸ்போர்ட் தோல்ல செஞ்சு குடுக்கணும். அதான் பாசம்.

"பேப்பர் மேல கால வெச்சு, பென்சிலால சுத்தி வரைஞ்சு, பக்கத்துல ஸ்கேல் வெச்சு போட்டோ எடுத்து அனுப்பு"ன்னேன்.

ரெண்டு நாள் பதிலே இல்ல. மூணாவது நாள் காலோட போட்டோ வந்துது. நான் அந்தப் படத்துக்கு முத்தம் குடுத்தேன். இத நானே எழுதறேன் பாருங்க, எவ்ளோ நேர்மையானவன்.

இப்ப அந்தப் படத்த நிஜ சைஸ்ல பிரிண்ட் எடுக்கணும். ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடை அண்ணன் போட்ட முதல் பிரிண்ட்ல கால் கைக்குழந்தை சைஸுக்கு வந்துது. ரெண்டாவதுல கட்டை விரல் மட்டும் ஒரு பக்கம் முழுக்க வந்துது. பின்னாடி ஆதார் காப்பிக்கு நின்னுட்டிருந்த ஒரு அக்கா எட்டிப் பாத்தாங்க.

"யாருக்குப்பா ஆபரேஷன்? வேலூர்லயா?"

"ஆபரேஷன் இல்லக்கா. சுளுக்கு."

"சுளுக்குக்கு எதுக்கு இத்தினி பேப்பர் கேக்கறானுங்க?"

பின்னாடி நின்ன எல்லாரும் ஆஸ்பத்திரிய திட்ட ஆரம்பிச்சுட்டாங்க. நான் அந்த கேப்புல மூணாவது பிரிண்ட் எடுத்தேன். கடை அண்ணன் நிஜ ஸ்கேல எடுத்து, பேப்பர்ல இருந்த ஸ்கேல் மேல வெச்சுப் பாத்தார். கோடுக்குக் கோடு சரியா இருந்துது.

"இப்ப கரெக்ட். யாரு காலு தம்பி?"

"ஒரு... பொண்ணுது."

பேப்பரப் பாத்தார். என்னைப் பாத்தார். "நல்ல திடகாத்திரமான பொண்ணு"ன்னார். நான் வெக்கப்பட்டேன்!

கபீர் பாய் ஷூ கம்பெனியில பேட்டர்ன் மாஸ்டர். அதாவது எந்த ஷூவுக்கும் முதல் அளவு வெட்றவரு. கால்ல பிரச்சனை இருக்கறவங்களுக்கு வீட்லயே ஒரு ரூம்ல தனியா ஷூ செஞ்சு குடுப்பார். மனுஷன் யாரையும் மூஞ்சிய வெச்சு ஞாபகம் வெச்சுக்க மாட்டார். தெருவுல எதிர்ல வந்தா குனிஞ்சு கால பாத்துட்டுத்தான் "இன்னா ஜோயலு"ம்பார்.

பேப்பர நீட்டினேன். "பாய், ஒரு லேடீஸ் ஷூ. ஹீல்ஸ் வேணாம். கலர் பிங்க்."

கண்ணாடிய மாட்டிட்டு பேப்பர்ல டேப்ப வெச்சார்.

"நாப்பத்திரண்டு."

"ஆமா பாய்."

"பேட்டா, லேடீஸ்ல நாங்க சாம்பிள் பண்றது முப்பத்தேழு. ரொம்ப பெருசுன்னா நாப்பது. நாப்பத்திரண்டு ஜென்ட்ஸ் சாம்பிள்."

"ஹை ஜம்ப் பொண்ணு பாய். நல்ல உசரம்."

"ம்."

"அதோட சுளுக்கு பாய். வீங்கியிருக்கு."

பாய் கண்ணாடிக்கு மேல என்னைப் பாத்தார். "நீளத்துலயா வீங்கும்?"

ஷூ கம்பெனிகளுக்கு நடுவுல பொறந்து வளர்ந்தவன் நான். எங்கப்பா இருபது வருஷமா அதே கம்பெனியில பேக்கிங் செக்‌ஷன். பேச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஷூ டப்பாவ அடுக்கி விளையாடினவன். நாப்பத்திரண்டுன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனா லவ்வுல இருக்கறவனுக்கு நம்பர் கண்ணுக்குத் தெரியாது.

பாய் பேப்பர ஜன்னல் பக்கம் கொண்டு போய் வெளிச்சத்துல பிடிச்சார். "இந்த சுண்டு விரல் உள்ள வளைஞ்சிருக்கு பாரு. இத நான் பாத்திருக்கேன்."

"பாத்திருக்க முடியாது பாய். அவ ஊரு திமிரி."

"கால நான் மறக்கறதில்ல."

அலமாரியில இருந்து ஒரு அட்டை ஃபைல எடுத்தார். இத்தன வருஷமா அளவு எடுத்த கால் எல்லாம் அதுல இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் கீழ பேரு. ஒவ்வொண்ணா தள்ளினார். ஒரு பேப்பர உருவி, என் பேப்பர் மேல வெச்சு, ரெண்டையும் சேத்து ஜன்னல்ல பிடிச்சார்.

கோடு மேல கோடு. குதிகால், நடுவுல இருக்கற வளைவு, வளைஞ்ச சுண்டு விரல், எல்லாம். ஒரு நூல் கூட விலகல.

"போன வருஷம் ஓடற ஸ்பைக்ஸ் ஷூ கிழிஞ்சுதுன்னு வந்தானே"ன்னு சொல்லிட்டே பாய் கீழ இருந்த பேர படிச்சார். "சாதிக்."

நான் அப்பவும் நம்பல. கடைசியா ஒரு முயற்சி. ஷெரினுக்கு மெசேஜ் போட்டேன். "உன் சுண்டு விரல் ஏன் வளைஞ்சிருக்கு?"

உடனே பதில் வந்துது. "சின்ன வயசுல சைக்கிள் செயின்ல மாட்டிக்கிச்சு கண்ணு."

அந்த சைக்கிள ஓட்டினது நான்தான் மக்களே.

இதுவரைக்கும் சிரிக்கறதுக்கு எழுதினேன். ஆனா அந்த நிமிஷம் எனக்கு சிரிப்பு வரல. வெக்கம் ஒரு பக்கம். ஷெரின்னு ஒருத்தி இல்லவே இல்லங்கறது இன்னொரு பக்கம். யாரோ செத்துட்ட மாதிரி இருந்துது. கபீர் பாய் டீ சொல்லிட்டு வந்து பக்கத்துல உக்காந்தார். கொஞ்ச நேரம் கழிச்சு, "அப்ப பிங்க் வேணாம்ல?"ன்னார்.

சாயந்திரம் கிரவுண்டுக்குப் போனேன். சாதிக் கால நீட்டி உக்காந்து ஸ்ட்ரெச்சிங் பண்ணிட்டிருந்தான். ரெண்டு பேப்பரையும் அவன் மடியில போட்டேன்.

பாத்தான். நீட்டின கால மடக்கிக்கிட்டான்.

"இன்னாடா இது?"ன்னேன்.

"மச்சி, நான் சொல்றத..."

"கண்ணுன்னு கூப்புடு பாக்கலாம்! இப்ப கூப்புடுடா!"

டீம்ல மத்த ரெண்டு பேரும் ஓடி வந்து என்னைப் பிடிச்சானுங்க. அவனுங்களுக்கும் தெரியுமாம்! சாதிக் தலைய குனிஞ்சுட்டே சொன்னான்.

"நீ காலைல பிராக்டிஸுக்கே வரல. உன்ன தூக்கிட்டு ஜூனியர போடறேன்னு பிடி சார் சொல்லிட்டார். போன் பண்ணா எடுக்க மாட்ட. வீட்டுக்கு வந்தா எந்திரிக்க மாட்ட. நீ இல்லன்னா டீம் காலிடா. பொண்ணு சொன்னாலாவது கேப்பன்னு பாத்தோம். ஒரு வாரம்தான் நெனச்சோம். நீ நல்லா ஓட ஆரம்பிச்சுட்டியா, நிறுத்த முடியல."

"அதுக்கு உன் கால ஏன்டா வரைஞ்சு அனுப்பின? உங்கக்கா கால வரைஞ்சிருக்கலாம்ல?"

பேப்பர மடிச்சான். அப்புறம் மெதுவா, "கபீர் பாய் கையால ஷூன்ன. எக்ஸ்போர்ட் தோலுன்ன. எப்படியும் என்கிட்டதான் வந்து சேரும்னு..."

"பிங்க்டா!"

"பாலிஷ் போட்டா கறுப்பாயிடும்"ன்னான்.

எங்க ஊர்ல திருடனுக்குக்கூட தோல வீணாக்க மனசு வராது.

எனக்கு இன்னொண்ணு கேக்க வேண்டியிருந்துது. ஓடறப்போ கால் நடுங்குது, நான் தோத்துடுவேன்னு பயந்துதான் இழுத்துப் போத்திட்டுத் தூங்கறேன்னு ஷெரின்கிட்ட மட்டும்தான் சொல்லியிருந்தேன். எங்கம்மாவுக்குக்கூட தெரியாது. "அதையெல்லாம் இவனுங்களும் படிச்சானுங்களா?"

"இல்ல. நான் மட்டும்தான். யார்கிட்டயும் சொல்லல"ன்னான் சாதிக். என் மூஞ்சியப் பாத்து சொன்னான். அது பொய் இல்லன்னு தெரிஞ்சுது. அதுலதான் இன்னும் ஜாஸ்தி கோவம் வந்துது.

"நாளைக்கு ஓடறேன். மத்த ரெண்டு பேருக்காக. உன்கிட்ட ஒரு வார்த்தை பேசமாட்டேன்"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

மறுநாள் காட்பாடி பக்கத்துல ஒரு கிரவுண்ட். எட்டு காலேஜ், கூட்டம் நிறைய. நான் என் இடத்துல போய் நின்னேன்.

ரிலே தெரியாதவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். எங்க ரிலேல பேட்டன் வாங்கறவன் திரும்பிப் பாக்கக் கூடாது. பின்னாடி வர்றவன் பக்கத்துல வந்ததும் "கை!"ன்னு கத்துவான். வாங்கறவன் ஓடிட்டே கைய பின்னாடி நீட்டணும். முகத்தப் பாக்காம, குரல மட்டும் நம்பி. இந்த விளையாட்டுல இத்தன வருஷம் பழகினவன் ஷெரின்கிட்ட ஏமாந்ததுல ஆச்சரியம் ஒண்ணும் இல்ல.

துப்பாக்கி சத்தம் கேட்டுது. முதல் ரெண்டு பேரும் நல்லா ஓடிட்டானுங்க. சாதிக் வளைவுல பறந்து வந்தான். நாங்க ரெண்டாவது. நான் ஓட ஆரம்பிச்சேன்.

"கை!"

என் கை போகல. வேணும்னு பண்ணல, சத்தியமா. கை கோச்சுக்கிச்சு.

"கை! டேய், கை!"

பேட்டன் மாத்தறதுக்குன்னு முப்பது மீட்டர் கோடு போட்டிருப்பாங்க. அதத் தாண்டினா அவுட். நான் பாதிய தாண்டிட்டேன். பக்கத்து லைன்காரன் பேட்டன வாங்கிட்டுப் போயே போய்ட்டான். மூணு மாசம் அஞ்சு மணிக்கு எழுந்தது, கடைசி சான்ஸ், எல்லாம் இன்னும் நாலு அடியில காலி. எனக்குத் தெரியுது. கைக்குத் தெரியல.

அப்பத்தான் பின்னாடி இருந்து, மொத்த கிரவுண்டுக்கும் கேக்கற மாதிரி, அழுகையும் கத்தலுமா ஒரு குரல்.

"கண்ணு! கைய குடு கண்ணு!"

கை தானா பின்னாடி போச்சு.

பேட்டன் வந்து உக்காந்துது பாருங்க, பூட்டுல சாவி மாதிரி. அப்புறம் நான் எப்படி ஓடினேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. கடைசி இருபது மீட்டர்ல பயம் வரல. வெக்கம்தான் துரத்திட்டு வந்துது. கோட்ட தாண்டறப்போ ரெண்டாவது இடம்.

புல்லுல மல்லாந்து படுத்துக்கிட்டு நானும் சாதிக்கும் மூச்சு வாங்கினோம். சுத்தி எட்டு காலேஜும் "கண்ணு, கண்ணு"ன்னு கத்திட்டிருந்தானுங்க. அவன் என் பக்கம் திரும்பல. நானும் திரும்பல. ஆனா ரெண்டு பேருக்கும் சிரிப்ப அடக்க முடியல.

பிடி சார் ஸ்டாப் வாட்ச்சோட வந்து நின்னார். இந்தக் கதை எதுவும் அவருக்குத் தெரியாது. ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு சொன்னார்.

"லேட்டானாலும் பேட்டன் சேஞ்ச் இன்னைக்குத்தான் சுத்தமா இருந்துது. யுனிவர்சிட்டி மீட்லயும் 'கை' வேணாம், அந்த வார்த்தையே இருக்கட்டும்."