பதினேழாம் அத்தியாயம் ஏன் தாமதம்?

ராசிபுரம்,
12-9-1961, செவ்வாய்க்கிழமை, காலை மணி எட்டு.

பெருமதிப்பிற்குரிய பத்திராசிரியர் அவர்கள் சமூகத்திற்கு,

ஓய்வுபெற்ற ஆரம்பப் பள்ளி ஆசிரியர் ஞானதாஸ் பணிவன்புடன் எழுதிக்கொண்டது. தேவகிருபையால் நானும் என் மனைவி இன்னாசிமேரியும் இவ்விடம் சுகம். அவ்விடத்தில் தாங்களும் தங்கள் குடும்பத்தாரும், எழுத்துக் கோக்கிறவர்களும், பிழை திருத்துகிறவர்களும், தபால் பையை அவிழ்க்கிறவர் உட்பட அனைவரும் சுகமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன்.

தங்கள் இதழில் நெசவாளர் தெருவை வைத்துத் தொடர்கதை எழுதிவரும் திரு. சண்முகவேல் என் வீட்டின் மறுபாதியில்தான் குடியிருக்கிறார். அவருக்கும் எனக்கும் நடுவே ஒரு மெல்லிய சுவரும் ஒரு பொது முற்றமும் உண்டு. வெள்ளிக்கிழமைக்குள் பதினேழாம் அத்தியாயம் வந்து சேராவிட்டால் கதையைப் பதினாறோடு நிறுத்திவிடுவதாகத் தாங்கள் நேற்று அனுப்பிய தந்தியை அவருக்குப் படித்துச் சொன்னவன் நானே. அவர் கூச்ச சுபாவம் உள்ளவர். தன் தரப்பைத் தானே சொல்லிக்கொள்ள மாட்டார். இது அவருக்கு முதல் தொடர்கதை. ஓமலூர் மண்டியில் இருந்த நிலையான வேலையை விட்டுவிட்டு இதற்காகவே இந்தத் தெருவில் வந்து குடியேறியவர். கதை பாதியில் நின்றால் மறுபடி மண்டிக்குத்தான் போக வேண்டும் என்று அவர் மனைவி தெய்வநாயகி இன்னாசிமேரியிடம் சொல்லிக் கண் கலங்கியிருக்கிறாள். ஆகையால் தாமதத்தின் காரணங்களை நடந்தது நடந்தபடி எழுதி, ஒரு வார அவகாசம் கேட்பது என் கடமை என்று கருதுகிறேன்.

முதலில் அவர் சோம்பேறி அல்ல என்பதைத் தாங்கள் அறிய வேண்டும். முப்பத்தொரு வருஷம் பிள்ளைகளை வேலை வாங்கியவன் நான். எவன் உழைக்கிறான், எவன் உழைப்பது போல் பாவனை செய்கிறான் என்று முதுகைப் பார்த்தே சொல்லுவேன். விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து கிணற்றில் நாலு குடம் இறைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுகிறார். இரண்டு தகரப் பெட்டிகளின்மேல் ஒரு பலகை, அதுதான் மேஜை. ஒரு மணி நேரம் எழுதுகிறார், பிறகு ஒரு மணி நேரம் எழுதியதை அடிக்கிறார். அடித்தல் திருத்தல் கூடாது என்று எத்தனையோ பிள்ளைகளை பெஞ்சுமேல் ஏற்றியவன் நான். இப்போது அவர் அடிப்பதைப் பார்த்தால், அந்தப் பிள்ளைகளில் யாராவது பெரிய எழுத்தாளனாக வந்திருப்பானோ என்று மனசு அடித்துக்கொள்கிறது. நடுநடுவே எழுந்து முற்றத்தில் நடந்து இரண்டு குரலில் பேசிப் பார்க்கிறார், அப்பன் குரல் ஒன்று, மகள் குரல் ஒன்று. மகள் அழும் இடத்தில் அவரும் அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, "அரிசி ஊறப் போட்டாச்சா?" என்று சாதாரணமாக மனைவியைக் கேட்கிறார். சில நாள் எதுவுமே செய்யாமல் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அதுவும் வேலைதான். உதாரணமாக, அடுப்பில் மூடி வைத்த சோற்றுப் பானையை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் பானை சும்மா இருக்கிறது. அதற்காக மூடியைத் திறந்து திறந்து பார்க்கலாமா?

இந்த உதாரணம் எனக்கு இப்போதுதான் தோன்றுகிறது. சென்ற புதன்கிழமை தோன்றவில்லை. அன்று அவர் காலையிலிருந்து சுவரையே பார்த்துக்கொண்டிருக்கக் கண்டு, மனுஷன் இப்படித் தனியே கிடந்தால் மூளைக்கு ஆகாதே என்று, துணைக்குப் போய் உட்கார்ந்தேன். பேச்சு எங்கெங்கோ போய், நாமகிரிப்பேட்டையில் நான் வேலை பார்த்தபோது இன்ஸ்பெக்டர் வந்த அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்குள் எருமை புகுந்த சம்பவத்தை, கதைக்கு உதவுமே என்று, முழுசாகச் சொன்னேன். அவரும் "ஆமாங்கய்யா, ஆமாங்கய்யா" என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். சாப்பாட்டு வேளை வந்துவிட்டது. எருமையை வெளியேற்றிய பகுதியைச் சாயங்காலம் சொல்லி முடித்தேன்.

வியாழக்கிழமை அவர் ஆறு பக்கம் எழுதி ஜன்னலில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். காற்றில் தாள்கள் முற்றமெல்லாம் பறந்தன. நான் ஓடி ஓடிப் பொறுக்கி வரிசையாக அடுக்கினேன். அடுக்கும்போது கண்ணில் படாமல் இருக்குமா? கதாநாயகி வள்ளியாத்தாள் வாயைத் திறந்தால் "வாரேன்", "போவோணும்", "ஊடு" என்றுதான் பேசுகிறாள். கை தானாகச் சிவப்பு மையைத் தேடியது. ஆறு பக்கத்தையும் திருத்தி, கடைசியில் நூற்றுக்கு அறுபத்திரண்டு போட்டு, 'நல்ல முயற்சி' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அவர் ஈரத் தலையோடு அதைப் பார்த்து நின்ற நிலையை நான் மறக்க மாட்டேன். வேறு யாராக இருந்தாலும் சண்டைக்கு வந்திருப்பார்கள். அவரோ, "தப்பு என்னோடதுங்கய்யா, மேல ஒரு கல்லு வெச்சிருக்கோணும்" என்றார். அந்தப் பெருந்தன்மையை எண்ணி மேலும் ஐந்து மார்க் கூட்டிப் போட்டேன். ஆனால் ஆறு பக்கத்தையும் அவர் மறுபடி பிரதி எடுக்க வேண்டியதாயிற்று.

இதற்கு ஈடாக ஏதாவது நல்லது செய்ய வேண்டும் என்று வெள்ளிக்கிழமை தெருவுக்குள் இறங்கினேன். எங்கள் தெருவில் விடிந்ததிலிருந்து தறிச் சத்தம்தான். இந்த இரைச்சலில் அவர் எப்படி எழுதுவார் பாவம் என்று, தெருவின் பெரிய தறிக்காரரான வீரபாகுவிடம் போய்ச் சொன்னேன். அவர் மனசு தங்கம். "நம்ம தெருக் கதையில்லீங்களா! இன்னைக்கு அரை நாள் எவனும் தறியில நாடாவ ஓட்டக்கூடாது" என்று உத்தரவு போட்டுவிட்டார். தெரு ஊசி விழுந்தால் கேட்கும்படி ஆயிற்று. நான் முற்றத்தில் பெருமையாக நின்றேன். கால்மணி நேரத்தில் சண்முகவேல் வெளியே வந்தார். உள்ளே போனார், திரும்ப வந்தார்.

"என்னங்கய்யா, தறி நின்னு போச்சு?"

"உங்களுக்காகத்தான் நிறுத்தச் சொன்னேன்."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "அந்தச் சத்தத்துலதான் எனக்குப் பேனா ஓடுமுங்க" என்றார். நான் மறுபடி வீரபாகுவிடம் ஓடுவதற்குள் அவர்கள் எல்லோரும் கிடைத்த அரை நாளுக்குச் சந்தைக்குப் போய்விட்டார்கள். சனிக்கிழமை, விட்ட வேலையைப் பிடிக்க ஓடிய தறிகளின் சத்தத்தில் மட்டும் நாலு பக்கம் எழுதினார் என்பதை அவர் பக்கம் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன்.

ஞாயிறன்று நான் மாதா கோயில் பூசை முடிந்து வரும்போது வீட்டு வாசலில் முப்பது பேர் நிற்கிறார்கள். வீரபாகு கையில் தங்கள் இதழ். அன்று அமாவாசையானதால் தெருவே ஓய்வாக உட்கார்ந்து பதினாறாம் அத்தியாயத்தை உரக்க வாசித்திருக்கிறது. அதில் வள்ளியாத்தாளின் அப்பன் அமாவாசையன்று தறியில் உட்கார்ந்து சேலை நெய்கிறான்.

"ஏனுங்க எழுத்தாளரே, அமாவாசையன்னைக்கு எவனாச்சும் தறிக்குழியில எறங்குவானுங்களா? மெட்ராஸ் வரைக்கும் படிக்கறாங்களே, நம்ம தெருவப் பத்தி என்ன நெனைப்பாங்க?" என்றார் வீரபாகு.

பெருமாயி என்ற வயசான அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "எங்கூட்டுக்காரரு உசுரு போன அமாவாசையன்னைக்குக்கூடத் தறியத் தொடலீங்க சாமி!" என்றாள்.

"உசுரு போனப்பறம் அவரு எப்படி ஆத்தா தொடுவாரு?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"நீ சும்மா கெடடா, நாடாத் திருடா!" என்று அவள் திரும்ப, கொஞ்ச நேரம் வழக்கு வேறு பக்கம் போயிற்று.

இங்கே ஓர் உண்மையைத் தங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். கதை தொடங்குமுன் சண்முகவேல் என்னிடம்தான் கேட்டார், தறிக்காரருக்கு ஓய்வு நாள் உண்டா என்று. நான் எங்கள் வழக்கப்படி ஞாயிற்றுக்கிழமையை மனசில் வைத்துக்கொண்டு, "அவர்களுக்கு ஏது ஓய்வு? வருஷம் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் தறிதான்" என்று ஆணித்தரமாகச் சொன்னேன். பத்தொன்பது வருஷமாக இதே தெருவில் இருந்து வருகிறேன். அந்தக் கூட்டத்தில் அவர் என் பக்கம் ஒரு முறை பார்த்தார். ஒரே ஒரு முறை. "வாத்தியார்தான் சொன்னார்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் பாடு தீர்ந்திருக்கும், சொல்லவில்லை. "மாசத்துல ஒரு நாள் மட்டும் எழுத்து ஓடாமப் போறது ஏன்னு எனக்கு இன்னைக்குத்தான் வெளங்குச்சுங்க" என்று சிரித்தார். பிறகு மெதுவாக, "அமாவாசைன்னு தெரிஞ்சேதானுங்க அந்த அப்பன் தறியில உக்காந்தான். அந்த மனுசனை அப்படி உக்கார வெச்சது எது? அதுதான் அடுத்த அத்தியாயம்" என்றார்.

ஐயா, முப்பது பேரும் ஓர் அடி முன்னால் நகர்ந்து வந்தார்கள். வீரபாகு துண்டை உதறித் தோளில் போட்டு, "அப்படிப் போடுங்க!" என்றார். நான் கொடுத்த தப்பான தகவல் ஒரு நொடியில் கதையின் முதுகெலும்பாகிவிட்டது. உதாரணமாக, தையற்காரர் தவறுதலாக வெட்டிய இடத்திலேயே ஒரு ஜேப்பு வைத்துத் தைத்துவிடுகிறாரே, அப்படி. ஆனால் அதோடு விட்டார்களா? எது அவனை உட்கார வைத்தது என்று ஆளுக்கொரு காரணம் சொல்லத் தொடங்கினார்கள். சாயங்காலம் வரை முப்பது காரணம். எல்லாவற்றையும் அவர் பொறுமையாகக் குறித்துக்கொண்டார். என்னுடையது முப்பத்தொன்றாவது.

திங்களன்று தங்கள் தந்தி. தந்தி என்றதும் தெய்வநாயகி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தெரு கூடிவிட்டது. "ஆருக்கு என்னாச்சு சாமி? ஓமலூருலயா?" என்று பெருமாயி மாரில் கைவைத்தாள். நான் இங்கிலீஷைப் படித்துப் பார்த்து, "பயப்படாதீர்கள், வள்ளியாத்தாளுக்குத்தான் முடிவு வரும் போலிருக்கிறது" என்றேன். "ஐயோ, அந்தப் புள்ள என்ன பாவம் பண்ணுச்சு!" என்று ஆரம்பித்தாள் பாருங்கள், அரைத் தெரு சேர்ந்து அழுதது. வள்ளியாத்தாள் கதையில் வருகிறவள் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தேதான் அழுதார்கள். சாவு வீட்டில் எழுத உட்கார முடியுமா? திங்கள் அப்படிப் போயிற்று.

இதையெல்லாம் படித்த பிறகாவது, தவறு எந்த வகையிலும் சண்முகவேலுடையது அல்ல என்பதைத் தாங்கள் உணர்வீர்கள். சந்தர்ப்ப சூழ்நிலைதான் காரணம். இன்று கிழமை செவ்வாய். வெள்ளிக்குள் அங்கே சேர வேண்டுமானால் இன்று சாயங்காலத் தபாலில் போக வேண்டும், அதற்குள் அவரால் முடியவே முடியாது என்று உறுதியாகச் சொல்கிறேன். இப்படி ஒரு மனுஷனை மண்டிக்கு அனுப்பிவிடாதீர்கள் ஐயா. ஒரே ஒரு வாரம் கொடுங்கள். அவர் எழுதும் அழகைச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்கும் பாக்கியம் எனக்கு. அச்சில் பார்க்கும் பாக்கியம் ஊருக்கு இருக்கட்டும்.

தங்கள் இல்லத்தில் பெரியவர்களுக்கு என் வணக்கமும் குழந்தைகளுக்கு என் ஆசிகளும். ஆண்டவர் தங்கள் கைகளின் வேலையை ஆசீர்வதிப்பாராக.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
சூ. ஞானதாஸ்

பி.கு.: மேலே கேட்ட அவகாசம் தேவையில்லை. எட்டு மணிக்கு எழுத உட்கார்ந்தவன் கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தால் மணி ஒன்றரை. சண்முகவேல் சட்டை மாட்டிக்கொண்டு கையில் கனமான கவரோடு நிற்கிறார். பதினேழாம் அத்தியாயம் முடிந்துவிட்டதாம், பதினெட்டிலும் மூன்று பக்கம் ஆகிவிட்டதாம். ரயில் தபாலில் நேரே சேர்த்துவிட சேலம் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். "இன்னைக்கு மாதிரி என்னைக்குமே ஓடுனதில்லீங்கய்யா!" என்றார். இன்றைக்கு அப்படி என்ன விசேஷம் என்று கேட்டேன். தறி தினமும்தான் ஓடுகிறது. அவர் என் பேனாவைப் பார்த்துவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தார். கலைஞர்களுக்கே காரணம் தெரியாது போலும். அவர் போனதும் தெய்வநாயகி ஒரு குயர் வெள்ளைத் தாளும் ஒரு புட்டி மையும் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்து, "பத்திரிகைக்காரருக்கு இன்னும் சொல்லோணுமின்னு எவ்வளவோ இருக்குமுங்களே. நெதானமா எழுதுங்க சாமி, அவசரமே இல்லீங்க" என்றாள். எவ்வளவு மரியாதை தெரிந்த பெண் பாருங்கள்!